ஸ்பீக்கர் ஜோடி சேர்கிறது, ஆனால் இணைய மறுக்கிறது (ராஸ்பெர்ரி பை 3பி பிளஸ், திரை இல்லாமல்)

அகல்விளக்கு:

அனைவருக்கும் வணக்கம். மூன்று இரவுகளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. நாள் முழுதும் படித்துக்கொண்டே இருந்த மனிதர். அவருக்குப் பிடித்த கட்டுரைகளைக் காலையிலும் மாலையிலும் தானாகவே வாசித்துக் காட்டும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்து தரவேண்டும் என்று இறங்கினேன். ராஸ்பெர்ரி பை 3பி பிளஸ் என்ற சின்னக் கணினிப் பலகை (சுருக்கமாகப் 'பை'), அதில் அதற்கான லினக்ஸ் இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பு, டெஸ்க்டாப் இல்லாத லைட் வகை. திரையோ விசைப்பலகையோ கிடையாது. மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் உள்ளே போகிறேன். வாசிப்பதற்கு, எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ஜி நிரல். ஒலிக்கோப்பாகச் சேமித்துக் கேட்டுப் பார்த்தேன், அந்தப் பகுதியில் குறை இல்லை. புளூடூத் ஸ்பீக்கரில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது.

புளூடூத்துக்கான கட்டளைக் கருவியான புளூடூத்சிடிஎல்லில் ஸ்கேன் செய்தால் ஸ்பீக்கரின் பெயர் வருகிறது. ஜோடி சேர்க்கும் 'பேர்' கட்டளை வெற்றி என்கிறது. 'டிரஸ்ட்' கட்டளையையும் ஏற்றுக்கொள்கிறது. 'கனெக்ட்' கொடுத்தால் மட்டும் 'பிஆர்-கனெக்ஷன்-ப்ரொஃபைல்-அனவெய்லபிள்' என்ற பிழை. இதே ஸ்பீக்கர் என் கைப்பேசியுடன் நொடியில் இணைந்து பாடுகிறது.

வேறு வழி தெரியாமல் இயங்குதளத்தை அழித்து இரண்டு முறை புதிதாக நிறுவினேன். இரண்டாவது முறைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். இப்போது ஜோடி சேர்வதே இல்லை, 'ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்று வருகிறது. பலகையே பழுதாகிவிட்டதா?

நடுநிசி:

முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுத்து, புளூடூத் மென்பொருள் அளவில் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் எங்கிருந்து கொடுக்கிறீர்கள்? கைப்பேசி சார்ஜரா? இரண்டும் சரியாக இருந்தால், லைட் வகையை விட்டுவிட்டு டெஸ்க்டாப் வகையை நிறுவுங்கள். எனக்கு அதில் ஒரே சொடுக்கில் வேலை முடிந்தது.

செப்புக்கம்பி:

அகல்விளக்கு, பலகை பழுதில்லை. ஸ்கேனில் பெயர் வந்த நொடியிலேயே ரேடியோ, அதன் இயக்கி, ஃபர்ம்வேர் மூன்றும் நலம் என்று தெரிந்துவிட்டது. தயவுசெய்து மூன்றாவது முறை நிறுவாதீர்கள். நாடி பார்க்காமல் மருந்து மாற்றுவதால் நோய் தீராது. உங்கள் விஷயத்தில் அது புதிதாக ஒரு நோயையும் கொண்டுவந்திருக்கிறது.

அந்தப் புதிய நோயை முதலில் முடித்துவிடுவோம். ஜோடி சேரும்போது இரண்டு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. உங்கள் பக்கப் பிரதி மெமரி கார்டில், 'வார் / லிப் / புளூடூத்' கோப்புறைக்குள் இருந்தது. கார்டை அழித்தபோது அதுவும் போய்விட்டது. ஸ்பீக்கரோ தன் பிரதியை விடாமல் வைத்திருக்கிறது. பையின் புளூடூத் முகவரி கார்டைச் சேர்ந்ததல்ல, பலகையைச் சேர்ந்தது. ஆகவே ஸ்பீக்கரின் கண்ணுக்கு நீங்கள் பழைய ஆள்தான், கையில் சாவிதான் இல்லை. ஸ்பீக்கரின் நினைவை அழியுங்கள். புளூடூத் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிப்பது பல மாடல்களில் உள்ள வழி, கையேட்டில் இருக்கும். பை பக்கத்தில் 'ரிமூவ்' கொடுத்து, மீண்டும் ஸ்கேன் செய்து, ஜோடி சேருங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியின் புளூடூத் அணைந்திருக்கட்டும். பல ஸ்பீக்கர்கள் விழித்தவுடன் கடைசியாகப் பழகிய கைப்பேசியைத்தான் தேடிப் போகும்.

இனி முதல் நோய். ஜோடி சேர்வது வேறு, இணைவது வேறு என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஜோடி சேர்வது சாவிப் பரிமாற்றம் மட்டுமே. இணைவது என்றால் 'எந்தப் பணிக்காக' என்ற கேள்வி வந்துவிடும். உங்கள் ஸ்பீக்கர் ஏ2டிபி என்ற பணிக்காகக் காத்திருக்கிறது. அது ஸ்டீரியோ ஒலியை வாங்கிக்கொள்ளும் முனை. அப்படியானால் ஒலியை அனுப்பும் முனை என்று உங்கள் பையில் யாராவது எழுந்து நிற்க வேண்டும். நிற்க ஆள் இல்லை. அந்த நீளமான பிழைச் செய்தி சொல்வது இதைத்தான்.

லினக்ஸில் புளூடூத்தைக் கவனிக்கும் புளூஇசட், ஒலியைத் தானே கையாள்வதில்லை. 2012 இறுதியில் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில், லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான அல்சாவுடன் நேரடியாக இருந்த தொடர்பு எடுக்கப்பட்டுவிட்டது. அதன்பிறகு பல்ஸ்ஆடியோ, பைப்வயர், அல்லது புளூஅல்சா போன்ற ஓர் ஒலிச் சேவை வந்து 'நான் இருக்கிறேன்' என்று புளூஇசட்டிடம் பதிவு செய்தால்தான் ஏ2டிபி உயிர்பெறும். டெஸ்க்டாப் வகையில் பைப்வயர் கூடவே வருகிறது. லைட் வகையில் வராது. நடுநிசி அவர்களுக்கு ஒரே சொடுக்கில் முடிந்ததன் காரணம் அதுதான். அதற்காக முழு டெஸ்க்டாப்பையும் இழுத்து வைக்க வேண்டியதில்லை.

இதை நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். புளூடூத்சிடிஎல்லில் 'ஷோ' கொடுங்கள். வரும் பட்டியலில் 'ஆடியோ சோர்ஸ்' என்ற வரி இருக்கிறதா?

அகல்விளக்கு:

ஸ்பீக்கரின் நினைவை அழித்தேன், உடனே ஜோடி சேர்ந்துவிட்டது. மிக்க நன்றி, பலகை பிழைத்தது என்று நிம்மதியாக இருக்கிறது.

'ஷோ' பட்டியலில் 'ஆடியோ சோர்ஸ்' இல்லை. கனெக்ட் கொடுத்தால் அதே பழைய பிழை.

செப்புக்கம்பி:

எதிர்பார்த்ததுதான். நிறுவ வேண்டிய பொதிகள்: பைப்வயர், வயர்பிளம்பர் (பைப்வயரின் இணைப்புகளை நிர்வகிப்பது), பைப்வயர்-அல்சா, லிப்ஸ்பா-0.2-புளூடூத். கடைசிப் பெயரை மறந்துவிடாதீர்கள். பலர் பைப்வயரை மட்டும் நிறுவிவிட்டு அதே பிழையைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். புளூடூத்துக்கான பகுதி தனிப் பொதியில் இருக்கிறது. பைப்வயர்-அல்சா எதற்கென்றால், அல்சாவை மட்டுமே அறிந்த நிரல்களின் ஒலியும் பைப்வயருக்குள் வந்து சேர்வதற்கு.

நிறுவிய பிறகு மறுதொடக்கம் செய்து, சாதாரணப் பயனராக உள்ளே வாருங்கள். 'ஷோ' கொடுத்து அந்த வரி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே 'கனெக்ட்' கொடுங்கள். எதையும் 'சூடோ' (நிர்வாகி உரிமை) போட்டு இயக்கிப் பார்க்காதீர்கள். பைப்வயர் உங்கள் பயனர் கணக்கின் சேவை. ரூட்டாக இயக்கும் நிரலுக்கு அது கண்ணிலேயே படாது.

தும்பி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் சிக்கலும் இதற்குப் பக்கத்துச் சிக்கல்தான். என்னிடம் பை 4, டெஸ்க்டாப் வகை. ஸ்கேனில் என் ஸ்பீக்கர் இரண்டு முறை வருகிறது. ஒரே பெயர், வெவ்வேறு முகவரி. ஒன்றோடு ஜோடி சேர்ந்தேன், இணைந்ததாகவும் காட்டுகிறது. ஆனால் ஒலி வெளியீட்டுப் பட்டியலில் ஸ்பீக்கரே இல்லை.

செப்புக்கம்பி:

தும்பி, நீங்கள் பிடித்தது குறைந்த மின்சாரப் புளூடூத்தின் முகவரியாக இருக்கும். கைப்பேசிச் செயலியிலிருந்து விளக்கு நிறத்தையும் ஒலிச் சமநிலையையும் மாற்றுவதற்காகச் சில ஸ்பீக்கர்கள் அந்த வாசலையும் திறந்து வைக்கின்றன. ஏ2டிபி அந்த வழியில் வராது, பழைய செந்நெறிப் புளூடூத் வழியில்தான் வரும். இரண்டையும் 'ரிமூவ்' செய்துவிட்டு, வெறும் 'ஸ்கேன் ஆன்' என்பதற்குப் பதிலாக செந்நெறி வகையை மட்டும் தேடும் 'ஸ்கேன் பிஆர்ஈடிஆர்' கொடுங்கள். அப்போது தெரியும் முகவரியோடு ஜோடி சேருங்கள். 'இன்ஃபோ' கட்டளையில் 'ஆடியோ சிங்க்' என்ற வரி இருந்தால் சரியான ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

தும்பி:

வந்துவிட்டது! ஒரு வாரமாகத் தவறான வாசலைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அகல்விளக்கு:

எனக்கும் வந்துவிட்டது. 'ஆடியோ சோர்ஸ்' என்ற வரியைப் பார்த்தபோதே கை நடுங்கியது. கனெக்ட் கொடுத்தவுடன் ஸ்பீக்கர் ஒரு மணி ஒலித்தது, ஈஸ்பீக் பேசியது. நள்ளிரவில் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒலி திக்குகிறது. சில சமயம் இணைப்பே அறுந்துவிடுகிறது. பெட்டி சிறியதாக இருக்கட்டும் என்று ஸ்பீக்கரைப் பையின் யூஎஸ்பி துளையிலிருந்தே சார்ஜ் ஏற்றுகிறேன். கம்பியில்லா இணையமும் அதே பலகையில்தான்.

நடுநிசி:

நான் முதலில் கேட்ட மின்சாரக் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. மின்சாரக் குறையைக் காட்டும் 'விசிஜென்சிஎம்டி கெட்_திராட்டில்ட்' கட்டளை என்ன சொல்கிறது?

அகல்விளக்கு:

முன்னொட்டை விட்டுவிட்டால் 50005.

நடுநிசி:

கடைசி 5 என்பது இந்த நொடியில் மின்னழுத்தம் போதவில்லை, அதனால் செயலியின் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். முன்னால் உள்ள 5, தொடங்கியதிலிருந்து இதே நிலை ஒருமுறையாவது நேர்ந்ததைக் குறிக்கிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை இதைப் பதிவு செய்யும். 3பி பிளஸுக்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் தேவை. கைப்பேசி சார்ஜரின் மேல் அதே ஆம்பியர் எண் அச்சிடப்பட்டிருந்தாலும், மெல்லிய கம்பியிலேயே அழுத்தம் விழுந்துவிடும். அதன்மேல் ஸ்பீக்கரின் பேட்டரியையும் பையின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். ஸ்பீக்கருக்குத் தனி சார்ஜர் கொடுங்கள். மின்சாரம் சரியாகாமல் புளூடூத்தைக் குறைசொல்வது நியாயமில்லை.

செப்புக்கம்பி:

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மின்சாரம் சரியான பிறகும் திக்கினால், இணையத்தை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 தடங்களுக்கிடையே, நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே பேசுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு வைஃபை அலைவரிசை அதே பட்டையில் இருந்தால், அந்தத் தடங்களில் ஏறத்தாழ 20 மீது உட்கார்ந்துவிடும். நெரிசலான தடங்களைத் தவிர்த்துத் தாவும் ஏற்பாடு புளூடூத் 1.2 பதிப்பிலிருந்தே உண்டு என்றாலும், உங்கள் பலகையில் வைஃபை, புளூடூத் இரண்டும் ஒரே சில்லில், ஒரே ஆண்டெனாவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்க வேண்டும். 3பி பிளஸில் 5 கிகாஹெர்ட்ஸ் இருப்பது உங்கள் நல்ல காலம்; 3பியிலும் ஜீரோ டபிள்யூவிலும் அது கிடையாது.

உறுதிப்படுத்திக்கொள்ள எளிய சோதனை: கார்டில் இருக்கும் ஓர் ஒலிக்கோப்பை, பத்து நிமிடம் ஓடும்படி விட்டுவிட்டு, வைஃபையை அணையுங்கள். திக்கல் நின்றால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். பெட்டி உலோகமாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். உலோகப் பெட்டிக்குள் ஆண்டெனாவை வைப்பது வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல.

தும்பி:

பை 4 வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். எனக்கும் திக்கல் இருந்தது. காரணம் நீல யூஎஸ்பி 3 துளையில் செருகியிருந்த வட்டு. அந்த வேகத்தில் ஓடும் தரவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கக்கும் என்று இன்டெல் 2012லேயே ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. வட்டை நீண்ட கம்பியில் தள்ளி வைத்தேன், தொல்லை ஒழிந்தது.

அகல்விளக்கு:

தனி சார்ஜர், புதிய அடாப்டர், 5 கிகாஹெர்ட்ஸ். மூன்றும் செய்தேன். ஒரு மணி நேரம் இடைவிடாமல் வாசித்தது, ஒருமுறைகூடத் திக்கவில்லை. கெட்_திராட்டில்ட் இப்போது 0.

ஆனால் இன்னொன்று, இதற்கு எனக்கு விளக்கமே தோன்றவில்லை. நான் எஸ்எஸ்எச்சில் உள்ளே இருக்கும்வரை எல்லாம் சரி. வெளியே வந்த சில நொடிகளில் ஸ்பீக்கர் துண்டிக்கப்படுகிறது. மறுபடி உள்ளே போனால் கனெக்ட் செய்ய முடிகிறது. பெட்டி நான் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் வேலை செய்கிறது. மாலை ஆறு மணிக்கு வாசிக்க வேண்டிய கிரான் வேலையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) ஊமையாகப் போய்விட்டது. அப்பாவுக்காக நான் நாள் முழுதும் உள்நுழைந்தே இருக்க முடியாது.

செப்புக்கம்பி:

இந்த அறிகுறியைச் சொன்னதற்கு நன்றி, ஏனென்றால் திரையில்லாத பெட்டி செய்யும் எல்லோரும் இறுதியில் வந்து விழும் குழி இது. உண்மையில் இரண்டு குழிகள், ஒன்றின் அடியில் ஒன்று.

மேல் குழி: பயனர் சேவைகள் பயனர் உள்ளே இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். கடைசி அமர்வு முடிந்ததும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அவற்றை நிறுத்திவிடும், பைப்வயரும் அதில் அடக்கம். 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' என்று உங்கள் பயனர் பெயரோடு கொடுத்தால், யாரும் உள்ளே இல்லாவிட்டாலும் அவை ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி தொடங்கும்போதே எழுந்தும்விடும்.

பலர் இதோடு நிறுத்திக்கொண்டு, 'லிங்கர் போட்டும் வரவில்லையே' என்று மீண்டும் அழித்து நிறுவத் தொடங்குவார்கள். கீழ்க் குழி வயர்பிளம்பரில் இருக்கிறது. ஒரு கணினியில் பல பயனர்கள் இருந்தால் புளூடூத் ஒலி யாருக்கு என்று தீர்மானிக்க வேண்டுமல்லவா? அதற்காக அது உங்கள் அமர்வு செயலில் இருக்கிறதா என்று, உள்நுழைவுகளைக் கவனிக்கும் லாகின்டியிடம் கேட்டுப் பார்க்கும். 'லிங்கர்' நிலையில் மட்டும் இருப்பவரைச் செயலில் இருப்பவராக அது எண்ணாது. புளூடூத் கண்காணிப்பை மூடிவிடும், ஏ2டிபி பதிவும் அதோடு போய்விடும். பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் அது நியாயமான ஏற்பாடு. ஒரே ஒருவருக்காக அலமாரியில் இருக்கும் பெட்டிக்கு அது தேவையில்லை.

புக்வார்மில் இருப்பது வயர்பிளம்பர் 0.4. அதன் புளூடூத் அமைப்பு லுவா என்ற நிரல்மொழிக் கோப்பில் இருக்கும். 'யூஎஸ்ஆர் / ஷேர் / வயர்பிளம்பர் / புளூடூத்.லுவா.டி' கோப்புறையிலுள்ள '50-புளூஇசட்-கான்ஃபிக்.லுவா' என்ற கோப்பை, உங்கள் வீட்டுக் கோப்புறையின் '.கான்ஃபிக் / வயர்பிளம்பர்' கீழ் அதே பெயருள்ள கோப்புறைக்குள் பிரதி எடுங்கள். அதில் 'வித்-லாகின்டி' என்ற வரியில் 'ட்ரூ' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். மூலக் கோப்பில் கைவைக்க வேண்டாம். அடுத்த மேம்படுத்தலில் உங்கள் மாற்றம் அழிந்துபோகும்.

கிரான் விஷயம் தனி. கிரான் ஓட்டும் வேலைக்கு 'எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிஐஆர்' என்ற சூழல் மாறி கிடைக்காது, அதனால் பைப்வயரின் வாசல் எங்கே என்று அதற்குத் தெரியாது. கிரானை விட்டுவிட்டு சிஸ்டம்டியின் பயனர் டைமராக எழுதுங்கள். வாசிப்பதற்கு முன் 'கனெக்ட்' கொடுத்து, தோற்றால் சில நொடி விட்டு மீண்டும் முயலும்படி நான்கு வரி சேர்த்துவிடுங்கள். இரவில் யாராவது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மறுநாள் போட்டாலும் சமாளித்துக்கொள்ளும்.

நடுநிசி:

இனிமேல் எப்போதாவது இணைப்பு அறுந்தால், ஊகிக்காமல், புளூடூத் பரிமாற்றத்தைக் காட்டும் 'பிடிமான்' கருவியை ஓடவிட்டுக் காரண எண்ணைப் பாருங்கள். 08 என்றால் அலை எட்டவில்லை: தூரம், குறுக்கீடு, உலோகம். 13 என்றால் ஸ்பீக்கரே வெட்டிக்கொண்டது: அணைத்துவிட்டார்கள் அல்லது அது தூங்கப் போய்விட்டது. 05, 06 இரண்டும் சாவிச் சிக்கல், இரண்டாவது முறை நிறுவிய பிறகு உங்களுக்கு வந்தது அந்த வகைதான்.

அகல்விளக்கு:

லிங்கர், லுவா வரி, டைமர் மூன்றையும் செய்து முடித்தேன். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, ஆறு மணிக்கு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெட்டி தானாகவே பேசத் தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக் கட்டுரையையும் கேட்டார்.

இரண்டு குறைகள் சொன்னார். 'ஒவ்வொரு பத்தியிலும் முதல் வார்த்தை பாதி விழுங்கப்படுகிறது.' அடுத்தது, 'மூச்சு விடாமல் ஓடுகிறது, மெதுவாகப் படிக்கச் சொல்.'

செப்புக்கம்பி:

முதல் வார்த்தை போவதற்குக் காரணம் இது. ஒலி எதுவும் இல்லாமல் ஐந்து நொடி போனால், வயர்பிளம்பர் அந்த வெளியீட்டை உறங்க வைத்துவிடும். அடுத்த பத்தி வரும்போது ஏ2டிபி ஓடையை மீண்டும் திறக்கவும், ஸ்பீக்கர் தன் பெருக்கியை விழிக்கச் செய்யவும் அரை நொடியாவது பிடிக்கும். 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்' என்ற பண்பைப் புளூடூத் வெளியீடுகளுக்கு 0 ஆக்கினால் வெளியீடு உறங்காது. சில ஸ்பீக்கர்கள் தாமாகவும் கண்ணயரும். அதற்கு ஒவ்வொரு வாசிப்பின் முன்னும் ஒரு நொடி அமைதியைச் சேர்த்துவிடுங்கள், அந்த அமைதி விழுங்கப்பட்டால் நட்டமில்லை.

வேகம்: ஈஸ்பீக்கின் இயல்பு நிமிடத்துக்கு 175 சொற்கள். அதை 120க்குக் குறைத்து, சொற்களுக்கிடையே இடைவெளியையும் கூட்டிப் பாருங்கள். அவர் காதுதான் அளவுகோல்.

தும்பி:

ஒரு கேள்வி: நான் புதிய பதிப்புக்கு மாறிவிட்டேன், வயர்பிளம்பர் 0.5. அந்த லுவா கோப்பே என்னிடம் இல்லையே?

செப்புக்கம்பி:

0.5இல் அமைப்புக்கு லுவாவைக் கைவிட்டுவிட்டார்கள். '.கான்ஃபிக் / வயர்பிளம்பர் / வயர்பிளம்பர்.கான்ஃப்.டி' கோப்புறையில் புதுக் கோப்பு ஒன்றைத் தொடங்கி, 'வயர்பிளம்பர்.ப்ரொஃபைல்ஸ்' பகுதியின் 'மெயின்' கீழ் 'மானிட்டர்.புளூஇசட்.சீட்-மானிட்டரிங்' என்பதை 'டிசேபிள்டு' என்று எழுதுங்கள். கோப்பின் பெயர் 'கான்ஃப்' என்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் படிக்காது.

அகல்விளக்கு:

120 வேகம், முன்னால் ஒரு நொடி அமைதி. இன்று காலை எல்லா வார்த்தையும் முழுதாக வந்தது. வேகத்தை 110 ஆக்கச் சொல்லியிருக்கிறார், ஆக்கிவிட்டேன்.